பதினெட்டாம் கேள்விக்கான திருத்தம்

இதில் முனீராவின் பெயர் உண்மை. அவரே அப்படி எழுதச் சொன்னார். அந்தச் சிறுமியைப் பற்றிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்: பெயர், குடியிருந்த பேட்டை, அவள் அப்பா இருந்த இடம், அவள் கட்டுரையில் எழுதிய சம்பவம். நாட்களையும் தள்ளி வைத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வருடங்களாகப் பதிவேடு எழுதிவருகிறேன். தெரிந்தே தவறான தேதி எழுதுவது இதுவே முதல் தடவை. பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நாங்கள் ஒருமுறை நம்பியதால் வந்த வினை இது.

முனீரா 1967இல் பிறந்தார். அவருடைய வாப்பா பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து டன்லப் ஸ்திரீட்டில் மசாலா அரைக்கும் கடையில் வேலை பார்த்தவர். முனீரா முப்பத்தொரு வருடம் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அத்தனை வருடமும் ரிலீஃப் டீச்சராகத்தான். நிரந்தர ஆசிரியர் பிரசவத்துக்கோ நோய்க்கோ விடுப்பு எடுத்தால் அந்த இடத்தில் போய் நிற்பார், அவர் திரும்பியதும் இறங்கிவிடுவார். பத்தொன்பது பள்ளிகள். நிரந்தர ஆசிரியராவதற்கான பட்டயப் படிப்பில் இரண்டு முறை சேர்ந்தும் முடிக்க முடியவில்லை. முதல் தடவை மகள் ருக்கையா வயிற்றில் இருந்தாள். இரண்டாவது தடவை கணவர் நூருல் அமீனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது.

2019இலிருந்து எங்கள் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்தினார். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் வாடகை அறை, பதினாறு பிள்ளைகள், தொடக்கநிலை ஐந்து, அதாவது ஐந்தாம் வகுப்பு. செங்காங்கிலிருந்து ஒன்பது நிறுத்தம் ரயிலில் வருவார். வருகையைக் குறிப்பதும், தாள் அச்சடிப்பதும், விடை பார்த்துத் திருத்துவதும் என் வேலை.

வாராவாரம் இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். இருபது கேள்வி எழுத அவருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

“சரியான விடை புத்தகத்துல இருக்கண்ணே. தப்பான மூணும் பிள்ளைங்க தலைக்குள்ள இருக்கு. அதைத் தேடி எடுக்கத்தான் நேரமாவுது” என்பார்.

ஒரு தவறான விடையைக் காட்டி, இது ஸைஃபுக்காக வைத்தது, இதில் ரக்‌ஷனா விழுவாள் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

அவர் ஒரு விதி வைத்திருந்தார். பதிவேட்டில் உள்ள எந்தப் பிள்ளையின் பெயரும் கேள்வித்தாளில் வரக்கூடாது. 2003இல் ஒரு பள்ளியில் ‘சரத் தினமும் தாமதமாக வருவான்’ என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டார். அந்த வகுப்பில் இருந்த சரத் ஒருநாளும் தாமதமாக வராத பையன். ஆனாலும் வருடம் முழுக்க அவனை ‘லேட் சரத்’ என்றே கூப்பிட்டார்கள். அதிலிருந்து இந்த விதி. வெள்ளிக்கிழமை தாள் என் கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைச் சரிபார்ப்பேன். கேள்வி எண் வரிசையாக இருக்கிறதா, மதிப்பெண் கூட்டினால் இருபது வருகிறதா, பெயர்கள் பதிவேட்டோடு மோதுகின்றனவா. மூன்றுக்கும் கட்டம் போட்ட ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்புவேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தவறாக எழுதிய கேள்விக்குப் பிள்ளைகள் வீட்டில் திருத்தம் எழுத வேண்டும். சரியான விடையை முழு வாக்கியமாக மூன்று முறை எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால், டீச்சர் அதற்குப் பச்சை மையில் ஒரு டிக் போடுவார்.

2025 தொடக்கத்தில் நூருல் அமீனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஆயிற்று. ஐந்து மணி நேரம் உட்கார்ந்து கேள்வி எழுத முனீராவுக்கு முடியவில்லை. சங்கத்தில் வகுப்புப் பொறுப்பு அழகப்பனுடையது. அவர்தான் ஏஐயைப் பயன்படுத்தச் சொன்னார். ருக்கையா அம்மாவின் போனில் அதைப் போட்டுக்கொடுத்தாள். முதல் தாள் நான்கு நிமிடத்தில் வந்தது.

அந்தத் தாளில் ஒருத்தி கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். ஒருவர் மாட்டுவண்டியில் சந்தைக்குப் போனார்.

“டீச்சர், கிணறுன்னா ஸ்விமிங் பூலா?” என்று கேட்டான் ஸைஃப்.

“அது சின்னது, ரவுண்டா இருக்கும்.”

“அப்ப ஜக்கூசி லா.”

வகுப்பே சிரித்தது. பின்னால் நின்ற அழகப்பனும் சிரித்தார். “டீச்சர், நம்ம பிள்ளைங்க மாட்டைப் பாக்குறதே பொங்கலுக்கு இங்க கொட்டாய் போட்டுக் கட்டி வைக்கிறப்பதான். அந்த மெஷினுக்கு இந்தப் பிள்ளைங்களத் தெரியாது. இவங்க எழுதுன கட்டுரையக் குடுங்க, படிச்சுப் பழகிக்கட்டும்.”

“பிள்ளைங்க எழுதுனதையா?”

“பேரு வேணாம்னு சொல்லிருங்க. அவ்வளவுதானே?”

முனீரா அப்போது சரி என்று சொல்லவில்லை. ஐந்து மாதம் கிணற்றையும் மாட்டுவண்டியையும் தானே அடித்துவிட்டு மின்தூக்கியும் பேருந்தும் எழுதிச் சேர்த்தார்.

யாமினி மார்ச்சில் சேர்ந்தாள். பதினோரு வயது. செம்பவாங்கிலிருந்து அவ்வளவு தூரம் ஏன் வருகிறீர்கள் என்று சேர்க்கை அன்று அவள் அம்மா தவமணியிடம் கேட்டேன். மீன் வாங்கப் பக்கத்துத் தேக்கா சந்தைக்கு எப்படியும் வருகிறேன் என்றார். அப்பா வேலை என்ற கட்டத்தில் ‘கப்பல்’ என்று எழுதினார். செம்பவாங் துறைமுகப் பட்டறையின் பண்டகசாலையில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். எந்தக் கப்பல் என்று கேட்டேன். “பெரிய கப்பல்ங்க” என்றார். அப்படியே குறித்துக்கொண்டேன்.

யாமினி அதிகம் பேசமாட்டாள். படிக்கச் சொன்னால் உதடு அசையும், சத்தம் வராது. முனீரா அவளை அவசரப்படுத்தவில்லை. ஜூன் மாதக் கடைசி வகுப்பில் அவள் முதல் முறையாக எழுந்து நின்று ஒரு பக்கம் வாய்விட்டு வாசித்தாள். வருகைப் பதிவேட்டில் அன்றைய கட்டத்தில், வழக்கம் இல்லாவிட்டாலும், பென்சிலால் ‘வாசித்தாள்’ என்று எழுதினேன்.

ஜூலை 12ஆம் தேதி கட்டுரைத் தலைப்பு: மறக்க முடியாத ஒரு நாள். முனீரா வகுப்பில் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

“என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான் மட்டும்தான் படிப்பேன். யாருக்கும் காட்டமாட்டேன்.”

யாமினி அன்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அதற்கு முன் அரைப் பக்கம் தாண்டியதில்லை.

முனீரா கட்டுரைகளை வெள்ளிக்கிழமைக்குள் படித்துவிடுவார். அந்த வாரம் திங்கட்கிழமை நூருல் அமீனின் கையில் டயாலிசிஸ் ஊசி போடும் இடம் அடைத்துக்கொண்டது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை வரை ஆறு நோட்டுகள்தான் படித்திருந்தார். யாமினியுடையது பதினோராவது. அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கணவரின் கட்டிலருகே உட்கார்ந்து, பதினாறு நோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஏஐக்குக் கொடுத்தார். இந்தப் பிள்ளைகளின் தரத்தில், இவர்கள் வாழ்க்கைக்கு நெருக்கமாக, இருபது கேள்வி வேண்டும், அதில் ஐந்து, படித்து விடை எழுதும் ஒரு கருத்தறிதல் பத்தியிலிருந்து வர வேண்டும், இந்தப் பிள்ளைகள் பெயர் ஒன்றும் வரக்கூடாது என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் தாள் எனக்கு வந்தது. பதினொன்றுக்கு அவரே போன் செய்தார்.

“அண்ணே, கருத்தறிதல் பாத்தீங்களா?”

“பாத்தேன். கவிதான்னு பேரு. நம்ம லிஸ்ட்ல கவிதா இல்ல.”

“பேரு இல்லண்ணே, கதை. அந்த மெஷினுக்கு எப்படித்தான் தோணுச்சோ. படிச்சிட்டுக் கட்டில் ஓரமா அப்படியே உக்காந்துட்டேன். மனசுள்ள ஆளு எழுதுன மாதிரி இருக்கு.”

“விடைக்குறிப்பு?”

“அதுவே போட்டுக் குடுத்துருக்கு. டாக்டர் வர்றாரு, அப்புறம் பேசுறேன்.”

நான் மூன்று கட்டத்திலும் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பதினாறு பிரதி, டீச்சருக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று. பத்தியை நான் படிக்கவில்லை. பெயர்களை மட்டுமே தேடினேன்.

அந்தப் பத்தி இதுதான். கவிதாவின் அப்பா சிறையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பள்ளிச் சீருடை அணிந்து அம்மாவுடன் பேருந்தில் அவரைப் பார்க்கப் போகிறாள். சீருடையில் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டிருந்தார். நடுவில் கண்ணாடி. கவிதா தன் தமிழ்த் தேர்வுத்தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கிறாள். இருபதுக்குப் பத்தொன்பது. அப்பா அதை மேலிருந்து கீழே வரை படிக்கிறார். பிறகு பெற்றோர் கையெழுத்து என்று இருக்கும் இடத்துக்கு நேராக, அந்தப் பக்கத்துக் கண்ணாடியில், ஆள்காட்டி விரலால் கையெழுத்துப் போடுகிறார்.

ஜூலை 19, சனிக்கிழமை. வராதவர் யாரும் இல்லை. பத்து மணிக்குத் தாள் கொடுத்தேன். பத்து நாற்பதுக்கு வாங்கினேன். எல்லோரும் எழுதினார்கள், யாமினியும் எழுதினாள். எதையும் நான் கவனிக்கவில்லை. பின் மேசையில் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு சிவப்பு மையில் திருத்தத் தொடங்கினேன்.

பதினெட்டாம் கேள்வி: தேர்வுத்தாளைக் கண்ணாடியில் பிடித்தபோது கவிதாவின் மனநிலை என்ன? ஒன்று, பெருமை. இரண்டு, வெட்கம். மூன்று, கோபம். நான்கு, பயம். விடைக்குறிப்பில் இரண்டு என்று இருந்தது. பதினொரு பிள்ளைகள் இரண்டு எழுதியிருந்தார்கள். நால்வர் நான்கு. ஒரே ஒரு தாளில் ஒன்று என்று இருந்தது. அதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, மேலே 19 என்று எழுதினேன். அந்த வாரத்தின் அதிகபட்ச மதிப்பெண் அதுதான். தாளின் பெயரை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். யாமினி. சந்தோஷப்பட்டேன்.

பதினொன்று பத்துக்கு இடைவேளை. பிள்ளைகள் படிக்கட்டருகே நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். ரக்‌ஷனா கெட்ட பிள்ளை இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

“யாமினி, தானா மேரா பஸ் ஸ்டாப்ல சண்டே அன்னைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நின்னது நீதானே? நான் கார்லேர்ந்து கை காட்டுனேன்.”

யாமினி கையிலிருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள்.

“அந்தக் கவிதா மாதிரியே” என்றாள் ரக்‌ஷனா.

“அவ அப்பா ஷிப்ல லா” என்றான் ஸைஃப். சொல்லிவிட்டு அவனும் யாமினியைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதட்டியிருக்கலாம்.

பதினொன்று இருபத்தைந்துக்குத் தாள்களைக் கொடுத்தேன். யாமினி தன் தாளைப் பார்த்தாள். சிவப்புக் குறியின்மேல் விரலை வைத்தாள். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்து, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

என்ன நடந்தது என்று முனீரா என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் நோட்டுக் கட்டைப் பிரித்தார். பதினோராவது நோட்டை எடுத்து நின்றபடியே படித்தார். ஒன்றரைப் பக்கம்தான். பிறகு கேள்வித்தாளின் பத்தியைப் பக்கத்தில் வைத்தார். சீருடை, பேருந்து, கண்ணாடி, விரல், எல்லாம் அப்படியே இருந்தன. நான் என்ற இடத்தில் கவிதா என்று இருந்தது. நாங்கள் வைத்த விதியை இயந்திரம் மீறவே இல்லை.

நோட்டில் இருந்த கடைசி வரி மட்டும் பத்தியில் விடுபட்டிருந்தது. ‘எனக்கு அன்று மிகவும் பெருமையாக இருந்தது’ என்று அவள் எழுதியிருந்தாள்.

முனீரா செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினார். நானும் பின்னால் போனேன். யாமினி கடைகளின் முன்வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையில், பூக்கடைக்காரர் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

“யாமினி, டீச்சர் வேணும்னு செய்யலம்மா. நான் படிக்கவே இல்ல. படிச்சிருந்தா…”

“நீங்க மட்டும்தான் படிப்பீங்கன்னு சொன்னீங்க.”

சத்தியம் பண்ணிய ஒருவர் மட்டும்தான் அந்தக் கட்டுரையைப் படிக்காமல் இருந்திருக்கிறார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தவமணி மீன் பையோடு வந்தார். டீச்சர் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தார்.

“என்னாச்சு டீச்சர்? ஏதும் குறும்பு பண்ணுச்சா?”

யாமினி எழுந்து அம்மாவின் கையிலிருந்து மீன் பையை வாங்கிக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா. ஒரு கேள்வி தப்பு.”

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தவமணி போனை எடுக்கவில்லை. முனீரா நான்கு செய்தி அனுப்பினார். நான்குக்கும் நீல டிக் விழுந்தது. அழகப்பனிடம் நடந்ததைச் சொன்னோம். அவர், “வேற யாருக்கும் தெரியாதே? அப்ப பெருசாக்க வேணாம். அடுத்த தடவை கட்டுரை குடுக்காம விடுங்க, முடிஞ்சுது” என்றார்.

முனீரா போனை ருக்கையாவிடம் கொடுத்து, அந்தப் படங்களை அழிக்கச் சொன்னார்.

“டிலீட் பண்ணிட்டேம்மா.”

“போயிருச்சா?”

“இங்கேர்ந்து போயிருச்சு.”

“நான் கேக்குறது அங்க.”

ருக்கையா ஏதேதோ தட்டிப் பார்த்தாள். தெரியவில்லை என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, முனீராவும் நானும் செம்பவாங் போனோம். யாமினி திரும்பி வர வேண்டும் என்பது மட்டுமே முனீராவின் எண்ணம். ரயிலில் இரண்டு முறை என்னிடம் சொன்னார், “அவ விடைதான் சரி, நம்ம விடைதான் தப்புன்னு சொல்லணும். மார்க்கை மாத்தி இருபது போட்டுக் குடுக்கணும்.” ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு பச்சைப் பேனாவும் கொண்டுவந்திருந்தார்.

தவமணி இரும்புக் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். கோபமாக இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

“அது என்கிட்ட ஒண்ணும் சொல்லல டீச்சர். ரக்‌ஷனாவோட அம்மா வாட்ஸ்அப்ல, ‘விஷயம் கேள்விப்பட்டேன், வருத்தமா இருக்கு’ன்னு அனுப்புனாங்க. அப்பதான் எனக்கே தெரியும். இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்ததே, அங்க நம்மள யாருக்கும் தெரியாதுன்னுதான்.”

“தவமணி, என்னைத் திட்டுங்க.”

“திட்டி என்ன ஆவப்போவுது?” அவர் குரலை இறக்கினார். “நேத்து அவரைப் பாக்கப் போனோம். யாமினி சாதாரணச் சட்டைதான் போட்டுக்கிட்டு வந்துச்சு. பேப்பர் எதுவும் எடுத்துக்கிட்டு வரல. அவரு கண்ணாடிக்கிட்ட கையக் கொண்டாந்து, எங்கன்னு கேக்குறாரு. ஸ்கூல்ல இன்னும் குடுக்கலன்னு பொய் சொன்னேன். அது தரையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

முனீரா தன் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். “அந்தத் தாளு இருக்கா? அவ எழுதுனதுதான் சரி. எங்க விடை தப்பு. அவ முன்னாடியே மாத்திக் குடுக்கிறேன். கூப்பிடுங்க.”

தவமணி உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் பேச்சு கேட்டது. தவமணி மட்டும் வெளியே வந்தார். கையில் அந்தத் தாள்.

“வரமாட்டேங்குது. இதைக் குடுக்கச் சொல்லுச்சு. திருத்தமெல்லாம் எழுதி வச்சிருக்கு. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். என்னன்னு படிக்கல டீச்சர், எப்பவும் போடுற மாதிரி போட்டுட்டேன்.”

நான்காக மடித்த கோடுகள் தாளில் இருந்தன. பின்பக்கத்தில் ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு, அடிக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாள். அதன் கீழே:

18. கவிதா வெட்கப்பட்டாள்.
கவிதா வெட்கப்பட்டாள்.
கவிதா வெட்கப்பட்டாள்.

புள்ளி ஒன்றும் விடுபடவில்லை. மூன்று வாக்கியத்திலும் பிழை இல்லை. கீழே தவமணியின் கையெழுத்து, தேதி ஜூலை 19. வகுப்பு முடிந்த அன்றே எழுதிவிட்டாள்.

முனீரா மூன்று வாக்கியத்தையும் படித்தார். சிவப்புப் பேனாவை மூடினார். பச்சைப் பேனா மேசைமேல் இருந்தது.

“டிக் போடணும்ல டீச்சர்?” என்றார் தவமணி. “சரியாத்தானே எழுதியிருக்கு?”

முனீரா எழுந்து உள்ளறைக் கதவருகே போனார். “யாமினி” என்று ஒரு முறை கூப்பிட்டார். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மைலோ ஆறும் வரை நின்றார். பிறகு நாங்கள் கிளம்பினோம். ரயிலில் அந்தத் தாளை அவர் என் கையில் கொடுத்தார்.

ஆகஸ்ட் 30ஆம் தேதியோடு முனீரா வகுப்பை விட்டார். இப்போது திலீப் என்கிற இளைஞர் நடத்துகிறார். நல்லவர். தாள் வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுகிறது. கிணறு வருவதில்லை, மாட்டுவண்டி வருவதில்லை. பேருந்து நிறுத்தமும் மின்தூக்கியும் வருகின்றன. நான் இப்போது பத்தியையும் முழுக்கப் படிக்கிறேன். யாருடைய வாழ்க்கை அது என்று படித்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. பதினைந்து பிள்ளைகளின் பெயர்கள்தான் என்னிடம் இருக்கின்றன.

முனீரா வாரம் மூன்று நாள் நூருல் அமீனோடு டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். எட்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அடிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. செப்டம்பர் 20ஆம் தேதி யாமினியின் பெயரைச் சிவப்பில் அடித்தேன். ஜூன் மாதக் கட்டத்தில் பென்சிலால் எழுதிய சொல்லை அழிக்கவில்லை.

அந்தத் தாள் என் கோப்பில் இருக்கிறது. டிக் போடப்படவில்லை.